பெண் விமானிகளின் வான்பந்தயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான வரலாறு பற்றிப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பேசி வருகிறேன். அமெரிக்கப் பெண் விமானிகள் நடத்திய வான்பந்தயத்தைப் பற்றி எடுத்தாலே கைகள் உயர்ந்துவிடும். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், சந்தேகங்கள் பெரும்பாலும் அவையேதான். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் பல, முன்னால் சொன்னதைத் தொட்டுத்தான் போகும். அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

இது என்ன பந்தயம்? யார் ஆரம்பிச்சாங்க?

இதன் முழுப் பெயர் அனைத்துப் பெண்கள் கண்டம் கடக்கும் வான்பந்தயம். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, சிறிய விமானங்களில், பெண்கள் மட்டும் பறக்கும் போட்டி. தூரம் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். 1947இல் தொடங்கி 1976 வரை போட்டியாக நடந்தது. 1977இல் ஒரு நினைவுப் பயணத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

தொடங்கியவர்கள் 'தொண்ணூற்றொன்பது' என்ற பெண் விமானிகள் சங்கத்தினர். புளோரிடா கிளையினர் டாம்பா நகரில் பெண்களே நடத்தும் வான்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். அதற்கு மேற்குக் கரைத் தோழிகள் பறந்தே வரட்டும், அந்தப் பயணத்தையே பந்தயமாக்கிவிடலாம் என்று யோசனை எழுந்தது. இவ்வளவு நீண்ட வரலாறு கொண்ட ஒரு பந்தயத்தின் தொடக்கம் அந்த அழைப்புதான்.

"பவுடர் பஃப் டெர்பி"ன்னு சொல்றாங்களே, அது கிண்டல் பேரா?

கிண்டலாகப் பிறந்த பெயர்தான். 1929இல் நடந்த முதல் பெண்கள் பந்தயத்துக்கு நகைச்சுவையாளர் வில் ராஜர்ஸ் வைத்தது. முகத்துக்குப் பவுடர் ஒற்றும் பஞ்சை நினைத்து வைத்தார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 1947 பந்தயத்துக்கும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. விமானிகளும் பிற்பாடு அதைத் தங்கள் பெயராகவே ஏற்றுக்கொண்டார்கள். நான் அதிகாரப்பூர்வப் பெயரையே விரும்புகிறேன். ஆனால் பழைய செய்திகளைத் தேடுகிறவர்கள் இந்தப் பெயரில்தான் தேட வேண்டியிருக்கும்.

1929லயே பந்தயம் நடந்திருக்கே, அப்ப எதுக்கு 1947ல ஆரம்பிச்சதுன்னு சொல்றீங்க?

இரண்டும் வேறு. 1929 பந்தயம் தேசிய வான்பந்தயங்கள் என்ற பெரிய விழாவின் ஓர் அங்கம். அந்த விழாவை நடத்தியவர்கள் ஆண்கள். பெண்கள் பறந்தார்கள், விதிகளை வேறு யாரோ போட்டார்கள். 1947இல் தொடங்கியதில் பாதையை வகுத்தவர்கள், விதி எழுதியவர்கள், நேரம் குறித்தவர்கள் எல்லாரும் பெண்கள். எனக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம்.

ஆனாலும் 1929 இல்லாமல் 1947 இல்லை. 1929 ஆகஸ்ட் 18 அன்று கலிபோர்னியாவில் சான்டா மோனிகாவின் கிளோவர் ஃபீல்டிலிருந்து பந்தயம் கிளம்பியது. பதிவு செய்தவர்கள் 20 பேர். கலந்துகொள்ள 100 மணி நேரம் தனியாகப் பறந்த அனுபவம் வேண்டும், அதில் 25 மணி நேரம் ஊர்விட்டு ஊர் பறந்ததாக இருக்க வேண்டும். மலைகளைப் பெண்கள் கடக்க வேண்டாம், நடுநாட்டில் ஒமாஹாவிலிருந்து கிளம்பினால் போதும் என்று ஒரு பேச்சு வந்தது. அப்போதே புகழ்பெற்ற விமானியாக இருந்த அமீலியா ஏர்ஹார்ட் உள்ளிட்டவர்கள் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. பாலைவனம், மலை, சமவெளி எல்லாம் தாண்டி 9 நாட்களில் ஒஹாயோவின் கிளீவ்லண்டை அடைந்தார்கள். பெரிய எஞ்சின் பிரிவில் லூயிஸ் தேடன் முதலிடம், கிளாடிஸ் ஓ'டானல் இரண்டாமிடம், ஏர்ஹார்ட் மூன்றாமிடம். சிறிய எஞ்சின் பிரிவில் ஃபீபி ஓம்லி வென்றார்.

அந்த 9 நாட்களில் நடந்தவற்றைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பிளாஞ்ச் நோயிஸ் மேற்கு டெக்சஸ் வானில் பறந்துகொண்டிருந்தபோது புகை நாற்றம். சாமான் வைக்கும் அறையில் தீ. முட்புதர்கள் நிறைந்த நிலத்தில் விமானத்தை இறக்கினார், கையால் மணலை அள்ளிப் போட்டு அணைத்தார், மறுபடி கிளம்பினார். இறங்கும்போது சக்கரப் பகுதி உடைந்திருந்ததால் பேகோஸ் நகரில் ஒற்றைச் சக்கரத்தில் சமாளித்து நிறுத்தினார். அதே பேகோஸில் பாஞ்சோ பார்ன்ஸின் விமானம், ஓடுபாதைக்குப் பக்கத்தில் வந்து நின்ற காரில் மோதிச் சிதைந்தது. கொலம்பஸில் ரூத் நிக்கோல்ஸ் ஒரு டிராக்டரில் மோதி விலக நேர்ந்தது. ரேடியோ கிடையாது. மடித்துவைத்த வரைபடமும் திசைகாட்டியும் கீழே தெரியும் ரயில் தண்டவாளமும்தான் வழிகாட்டி.

அதுல ஒரு பெண் இறந்துட்டாங்களே. சதின்னு சொல்றாங்க, உண்மையா?

இறந்தவர் மார்வெல் கிராஸன். அலாஸ்காவில் பறந்து அனுபவம் பெற்றவர், அதே ஆண்டு மே மாதம் பெண்களுக்கான உயரச் சாதனை படைத்தவர். பந்தயத்தின் இரண்டாம் நாள், அரிசோனாவின் வெல்டன் பக்கம் அவருடைய விமானம் விழுந்தது. விரியாத பாராசூட்டோடு உடல் கிடைத்தது.

சதிப் பேச்சு அப்போதே கிளம்பியது. பெட்ரோலில் அழுக்கு, அரித்துப்போன கம்பிகள் என்று மற்ற விமானிகளும் புகார் சொல்லியிருந்தார்கள். சதி என்று எதுவும் நிரூபிக்கப்படவில்லை. எஞ்சினிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு அவரை மயக்கியிருக்கலாம் என்பது நம்பத்தக்க விளக்கம். அதற்கு ஆதாரமாக இன்னொரு நிகழ்ச்சி உண்டு. பந்தயம் தொடங்கும் முன்பே லூயிஸ் தேடனுக்கு அதே வகை விஷவாயு ஏறித் தலை சுற்றியது. உடனே அவருடைய விமானத்தின் முன்பக்கத்திலிருந்து விமானி இருக்கை வரை ஒரு குழாய் பொருத்தினார்கள். அவர் குனிந்து அதில் முகம் வைத்து வெளிக்காற்றைச் சுவாசித்தபடியே கண்டத்தைக் கடந்தார். வென்ற விமானம் அந்தக் குழாய் வைத்த விமானம்தான்.

கிராஸன் இறந்ததும் பந்தயத்தை நிறுத்துங்கள் என்று செய்தித்தாள்களில் குரல் எழுந்தது. ஓர் எண்ணெய்த் தொழிலதிபர், பெண்கள் பறக்கத் தகுதியற்றவர்கள் என்பது நிரூபணமாகிவிட்டது என்றே பேசினார். ஆண் விமானிகள் இறந்த பந்தயங்களுக்குப் பிறகு இப்படி யாரும் பேசியதில்லை. பெண்கள் கூடிப் பேசித் தொடர்ந்து பறப்பது என்று முடிவெடுத்தார்கள். அது சரியான முடிவு என்பது என் கருத்து. அன்று நிறுத்தியிருந்தால் அடுத்த வாய்ப்பு வர எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ.

சங்கத்துக்குப் போய் தொண்ணூற்றொன்பதுன்னு ஏன் பேர் வச்சாங்க?

கிளீவ்லண்டில் பந்தயம் முடிந்த கையோடு, இனி நாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பேச்சு விமானிகளிடையே வந்தது. அப்போது அமெரிக்காவில் உரிமம் பெற்ற பெண் விமானிகள் 117 பேர். எல்லாருக்கும் கடிதம் போனது. 1929 நவம்பர் 2 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள கர்டிஸ் விமானத்தளத்தில் 26 பேர் கூடினார்கள். பெயர் வைப்பதில் இழுபறி. எத்தனை பேர் தொடக்க உறுப்பினர்களாகச் சேர்கிறார்களோ அந்த எண்ணையே பெயராக வைத்துவிடலாம் என்றார் ஏர்ஹார்ட். சேர்ந்தவர்கள் 99 பேர். அவரே 1931இல் முதல் தலைவரானார். சங்கம் இன்றும் இயங்குகிறது, பல நாடுகளில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

1929க்கும் 1947க்கும் நடுவுல 18 வருஷம் சும்மாவா இருந்தாங்க?

இல்லை. நிறைய நடந்தது, கசப்பும் உண்டு. 1933இல் சிகாகோவில் ஆண்களோடு போட்டியிட்ட ஃபுளோரன்ஸ் கிளிங்கன்ஸ்மித் விமானம் உடைந்து இறந்தார். அதைக் காரணம் காட்டி 1934 தேசிய வான்பந்தயங்களில் பெண்களைச் சேர்க்கவில்லை. விழாவைத் திறந்துவைக்கவிருந்த நடிகை மேரி பிக்ஃபோர்டைத் தன் விமானத்தில் அழைத்துப்போக முடியாது என்று ஏர்ஹார்ட் மறுத்துவிட்டார். இரண்டே ஆண்டுகளில் பதில் வந்தது. 1936இல் ஆண்களும் பெண்களும் கலந்து பறந்த பெண்டிக்ஸ் கோப்பைப் போட்டியில், நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை 14 மணி 55 நிமிடத்தில் பறந்து லூயிஸ் தேடனும் பிளாஞ்ச் நோயிஸும் முதலிடம் பிடித்தார்கள். இரண்டாமிடம் லாரா இங்கல்ஸ், அவரும் பெண்.

இன்னொரு வேலையும் செய்தார்கள், அதைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. வழி தவறும் விமானிகளுக்காக ஊர்களின் கூரைகளில் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர் எழுதும் அரசுத் திட்டம் 1930களின் நடுவில் வந்தது. அதைத் தொடங்கியதில் ஃபீபி ஓம்லிக்குப் பெரும் பங்கு உண்டு. தேடனும் நோயிஸும் அதில் வேலை செய்தார்கள். ஊர் ஊராகப் போய் அனுமதி வாங்கி எழுத வைத்தார்கள். போர் வந்ததும் கரையோர ஊர்ப்பெயர்களை எதிரி பார்த்துவிடக் கூடாது என்று அதே நோயிஸ் அழிக்கவும் வேண்டியிருந்தது. விமானத்தளங்களின் தரையில் பெயரும் திசைக்குறியும் வரையும் பணியைச் சங்கத்தினர் இன்றும் செய்கிறார்கள்.

அப்புறம் இரண்டாம் உலகப்போர். விமானி ஜாக்குலின் காக்ரன் தலைமையில் பெண் விமானிகள் ராணுவ விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். பயிற்சி முடித்தவர்கள் 1,074 பேர், இறந்தவர்கள் 38 பேர். 1944 டிசம்பரில் படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். படைவீரர் தகுதி கிடைக்க 1977 வரை காத்திருந்தார்கள். பெரிய குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிய கைகளுக்குப் போருக்குப் பின் விமானம் ஓட்டும் வேலை எளிதில் கிடைக்கவில்லை. 1947 பந்தயத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

முதல் பந்தயத்துல ஒரே ஒரு விமானம்தான் பறந்துச்சாம். அதுல என்ன பந்தயம் இருக்கு?

சரியாகத்தான் கேட்கிறீர்கள். 1947இல் பாம் ஸ்பிரிங்ஸிலிருந்து டாம்பாவுக்குப் பறந்தது ஒரே விமானம். விமானி கேரலின் வெஸ்ட், துணை விமானி பியாட்ரிஸ் மெடிஸ். ஏர்கூப் என்ற இரண்டு இருக்கைச் சிறு விமானம். காலால் மிதிக்கும் வால்துடுப்புக் கட்டைகூட இல்லாமல் எளிமையாக வடிவமைக்கப்பட்டது. அதில் நாட்டின் குறுக்கே பறப்பது லேசான காரியமில்லை.

போட்டியாளர் இல்லாவிட்டாலும் அவர்கள் பயணத்தைக் கைவிடவில்லை. அதனால்தான் அடுத்த ஆண்டு பந்தயத்துக்கு ஆள் சேர்ந்தது. 1948இல் ஒற்றை இலக்கத்தில் சில விமானங்கள் வந்தன, முடிவிடம் மயாமி. காக்ரன் பரிசுப்பணம் கொடுத்து ஆதரித்தார். 1970களில் பதிவு 100 விமானங்களைத் தாண்டிவிட்டது.

பெரிய எஞ்சின் வச்சிருக்கிறவங்கதானே ஜெயிப்பாங்க? பணக்காரங்க ஆட்டம் மாதிரி இருக்கே.

இந்தப் பந்தயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வொரு விமான வகைக்கும் ஓர் அடிப்படை வேகம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்படும். அதற்கு ஹேண்டிகேப் என்று பெயர். முழுப் பாதையிலும் உங்கள் சராசரி வேகம் அந்த அடிப்படை வேகத்தை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் மதிப்பெண்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய விமானத்தின் அடிப்படை வேகம் மணிக்கு 110 மைல் என்று வையுங்கள். அதன் விமானி சராசரி 121 மைலில் பறந்தால் மதிப்பெண் 11. பெரிய விமானத்தின் அடிப்படை வேகம் 170, சராசரி 176 என்றால் மதிப்பெண் 6. பெரிய விமானம் பல மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனாலும் வென்றது சிறிய விமானம். எஞ்சினுக்கும் இறக்கைக்கும் ரகசியமாக மெருகேற்றிவிடக் கூடாது என்பதற்காகக் கிளம்பும் முன் எல்லா விமானங்களையும் பிடித்துவைத்துச் சோதிப்பார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும்.

செலவு இல்லாத விளையாட்டு என்று சொல்லமாட்டேன். விமானம், பெட்ரோல், காப்பீடு, ஒரு வாரச் சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இருக்கிறது. ஆனால் வாடகைக்கு எடுத்த பழைய செஸ்னாவில் வருகிறவருக்கும் சொந்த பீச்கிராஃப்டில் வருகிறவருக்கும் கோப்பைக்கான வாய்ப்பு ஒன்றுதான்.

அப்ப திறமை எதுல இருக்கு? நேரா ஓட்டிட்டுப் போறதுதானே?

நேராக ஓட்டுவதே சிரமம். ஒரு பாகை விலகினால் 100 கிலோமீட்டரில் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். திரும்பி வரும் ஒவ்வொரு நிமிடமும் மதிப்பெண்ணைத் தின்னும்.

ஆனால் பந்தயத்தை முடிவு செய்வது காற்றுதான். பின்னாலிருந்து தள்ளும் காற்று என்றால் மேலே ஏற வேண்டும், உயரத்தில் அது பலமாக வீசும். எதிர்க்காற்று என்றால் கீழே இறங்க வேண்டும், தரையை ஒட்டி அது தளர்ந்திருக்கும். ஏறுவதற்கே வேகம் குறையும், அந்த இழப்பை மேலே கிடைக்கும் காற்று ஈடுகட்டுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும். கோடையில் பாலைவன விமானத்தளங்களில் இன்னொரு சோதனை. வெப்பத்தில் காற்று மெலிந்துபோய், வழக்கமாக எழும்பும் இடத்தைத் தாண்டியும் விமானம் ஓடுபாதையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் விடிந்ததும் கிளம்பப் பார்ப்பார்கள். ஒருவர் ஓட்ட, மற்றவர் வரைபடமும் கடிகாரமும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியிலும் வேகம் பார்ப்பார்.

காத்து சாதகமா வரட்டும்னு தரையில உக்காந்துக்கலாமாம். அது ஏமாத்து வேலை இல்லையா?

விதிப்படி அனுமதி உண்டு. நேரம் எப்படிக் குறிக்கிறார்கள் என்று பார்த்தால் புரியும். வழியில் உள்ள ஒவ்வொரு விமானத்தளத்திலும் ஒரு கோடு. விமானம் தரையிலிருந்து சில நூறு அடி உயரத்துக்கு இறங்கி, முழு வேகத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே சீறிப்போகும். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நேரக்குறிப்பாளர்கள் விமானத்தின் பக்கவாட்டில் பெரிதாக எழுதிய பந்தய எண்ணைப் பார்த்து நொடியைக் குறிப்பார்கள். அதன் பிறகு விமானம் சுற்றிவந்து மெதுவாக இறங்கலாம். தரையில் நிற்கும் நேரம் கணக்கில் சேராது. மறுபடி கிளம்பும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும்.

ஆகவே, மதியம் எதிர்க்காற்று என்றால் இரவு தங்கி மறுநாள் பறப்பது புத்திசாலித்தனம். ஆனால் கடைசி நாள் மாலைக்குள் முடிவிடம் சேராவிட்டால் போட்டியிலிருந்து நீக்கம். காத்திருந்தால் நல்ல காற்றும் வரலாம், புயல் மேகமும் வரலாம். பல அணிகள் இந்தக் கணக்கில்தான் வென்றன, தோற்றன. வென்றது யார் என்பது கடைசி விமானம் வந்து கணக்கெல்லாம் சரிபார்க்கப்படும் வரை யாருக்கும் தெரியாது.

ராத்திரியிலயும் மேகத்துக்குள்ளயும் பறப்பாங்களா?

கிடையாது. சூரிய வெளிச்சத்தில், கண்ணுக்கு வழி தெரியும் வானிலையில் மட்டும். மேகம் சூழ்ந்தால் திரும்பிவிட வேண்டும், அல்லது பக்கத்துத் தளத்தில் இறங்க வேண்டும். திரும்பிவிட முடிவெடுப்பதும் திறமைதான்.

அதிக தடவை ஜெயிச்சது யாரு?

ஃபிரான் பெரா. 7 முறை முதலிடம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் இவர் பெயர் இல்லாமல் பந்தயச் செய்தியே இல்லை. 1966இல் இரட்டை எஞ்சின் பைப்பர் விமானத்தில் 40,154 அடிக்கு ஏறிச் சாதனை படைத்தார். வேலை, விமானிகளுக்கு உரிமத் தேர்வு நடத்தும் தேர்வாளர். பறக்கக் கற்றுக்கொண்டவர்கள் ஆணோ பெண்ணோ, அவர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். 2018இல், 90 வயதைக் கடந்த பிறகு மறைந்தார்.

வெளிநாட்டவர் உண்டா என்று இதோடு சேர்த்துக் கேட்பார்கள். ஆஸ்திரேலியாவின் நான்சி பேர்ட் வால்டன் 1958இல் வந்து ஐந்தாமிடம் பிடித்தார். தன் நாட்டில் 1950இலேயே பெண் விமானிகள் சங்கம் அமைத்தவர் அவர். 1929 பந்தயத்தில்கூட ஜெர்மனியின் தேயா ராஷும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜெஸ்ஸி கீத் மில்லரும் இருந்தார்கள்.

இவ்வளவு பெரிய பந்தயத்தை யாரு நடத்துனாங்க? சம்பளம் உண்டா?

பெரும்பாலும் சம்பளமில்லாத உழைப்பு. 1950களில் பல ஆண்டுகள் தலைமை ஏற்றவர் பெட்டி கில்லிஸ், போர்க்காலத்தில் பெண் விமானிகள் படையில் முதல் ஆளாக வந்து சேர்ந்தவர். பின்னாளில் கே பிரிக் அந்தப் பொறுப்பைச் சுமந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளூர்க் கிளைப் பெண்கள் நேரம் குறிப்பார்கள், பெட்ரோல் வண்டிக்கு வரிசை ஒழுங்கு செய்வார்கள், தங்குமிடம் பார்ப்பார்கள், நடுப்பகலில் இறங்குகிறவர்களுக்குக் குளிர்ந்த பானத்தோடு நிற்பார்கள். விமான உற்பத்தியாளர்களும் எண்ணெய் நிறுவனங்களும் பண உதவி செய்தார்கள். நம்மூருக்கும் பந்தயம் வரட்டும் என்று நகரங்கள் விரும்பி அழைத்தன.

பேசப் போகும் இடங்களில் எல்லாரும் வென்றவர் பெயரைத்தான் கேட்கிறார்கள். நான் இந்த நேரக்குறிப்பாளர்களைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். 30 ஆண்டுகள் ஒரு பந்தயம் நிலைத்தது இவர்களால்.

நல்லா போயிட்டிருந்ததை எதுக்கு நிறுத்துனாங்க?

பதிவு குறைந்ததால் நிற்கவில்லை. செலவு ஏறியது, நிறுவனங்களின் ஆதரவு சுருங்கியது, பெரிய நகரங்களைச் சுற்றி வான்வெளியில் நெரிசல் கூடியது. 1976இல் சாக்ரமென்டோவிலிருந்து டெலவேரின் வில்மிங்டன் வரை கடைசிப் போட்டி. மறுஆண்டு, முதல் பந்தயத்தின் அதே வழியில், பாம் ஸ்பிரிங்ஸிலிருந்து டாம்பா வரை நினைவுப் பயணமாகப் பறந்து முடித்தார்கள்.

அப்ப இப்ப எதுவும் நடக்கறதில்லையா?

நடக்கிறது. பந்தயம் நின்ற அதே 1977இல், விட மனமில்லாத விமானிகள் சேர்ந்து ஏர் ரேஸ் கிளாசிக் என்ற புதிய போட்டியைத் தொடங்கினார்கள். முதல் பாதை கலிபோர்னியாவின் சான்டா ரோசாவிலிருந்து ஒஹாயோவின் டொலீடோ வரை. பாதை ஆண்டுதோறும் மாறும், தூரம் ஏறக்குறைய 2,400 மைல், முடிக்க 4 நாட்கள். மேலே சொன்ன ஹேண்டிகேப் முறையும் பகல் விதியும் அப்படியே தொடர்கின்றன. இப்போது பல்கலைக்கழகங்களின் மாணவியர் அணிகள் நிறைய வருகின்றன. பாட்டி வயதில் உள்ளவர்களும் அவர்களோடு சரிக்குச் சரியாகப் பறக்கிறார்கள்.

கண்டத்தையே கடக்கணுமா? சின்னதா, ஒரு பகுதிக்குள்ள நடக்கிற பந்தயம் இருந்துச்சா?

இருந்தது. எல்லாராலும் வேலையையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு ஒரு வாரம் போக முடியாது. அதனால் சங்கக் கிளைகள் தங்கள் பகுதிக்கேற்ற பந்தயங்களை நடத்தின. நல்ல எடுத்துக்காட்டு 'பனைகளிலிருந்து பைன்களுக்கு' என்ற பந்தயம். சான்டா மோனிகாவில் பறக்கும் பள்ளி நடத்திய கிளேர் வால்டர்ஸ் 1970இல் தொடங்கினார். தெற்குக் கலிபோர்னியாவின் பனைமரங்களிலிருந்து ஓரிகன் மாநிலத்தின் பைன் காடுகள் வரை பறப்பது. 1929 பந்தயம் கிளம்பிய அதே சான்டா மோனிகா விமானத்தளம்தான் இதற்கும் தொடக்கம். பெரிய பந்தயத்துக்குப் போகும் முன் பழக நினைத்தவர்களுக்கு இது ஏற்ற இடமாக இருந்தது.

ரேஸ், ரேலின்னு மாத்தி மாத்தி சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணா?

பேச்சில் கலந்துவிட்டாலும் வேறு வேறு. ரேஸில் வேகம் அளக்கப்படும், ஹேண்டிகேப்போடு சேர்த்து. ரேலியில் துல்லியம் அளக்கப்படும். கிளம்பும் முன்பே, இந்தப் பாதையை இத்தனை நிமிடத்தில் முடிப்பேன், இவ்வளவு பெட்ரோல் செலவாகும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சொன்னதற்கு மிக நெருக்கமாக வருகிறவர் வெற்றியாளர். வழியில் குறிப்பிட்ட இடங்களை மேலிருந்து அடையாளம் காண வைப்பதும் உண்டு. வேகமில்லாத விமானம் வைத்திருப்பவர்களுக்கும் எஞ்சினை வதைக்க விரும்பாதவர்களுக்கும் ரேலி பொருத்தம்.

பெண்களுக்கு மட்டும்னு தனியா வைக்கிறது, பெண்களால ஆண்களோட போட்டி போட முடியாதுன்னு ஒத்துக்கிற மாதிரி ஆகாதா?

1936 பெண்டிக்ஸ் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். 1938இல் அதே கோப்பையைக் காக்ரன் வென்றார். முடியுமா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிட்டது. கேள்வி, யார் அனுமதிப்பது என்பதுதான். 1934இல் கதவு மூடப்பட்டது நினைவிருக்கும். அமெரிக்காவில் ஒரு பெரிய பயணியர் விமான நிறுவனம் பெண்ணை நிரந்தர விமானியாக அமர்த்தியது 1973இல்தான். அவர் எமிலி ஹோவெல் வார்னர். அதாவது பந்தயம் தொடங்கி 26 ஆண்டுகள் கழித்து. அதுவரை ஒரு பெண் நீண்டதூரப் பயணத்தைத் தானே திட்டமிட்டு, தானே முடிவெடுத்துப் பறக்கும் இடங்கள் மிகக் குறைவு. இந்தப் பந்தயம் அப்படி ஓர் இடம். அதைத் தனி ஒதுக்கீடாகப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாப் பெண்களுக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருந்துச்சா? கறுப்பினப் பெண்கள் யாரும் தெரியலையே?

கேட்க வேண்டிய கேள்வி, பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்தான் கேட்கிறார்கள். 1929இல் பறந்தவர்கள் அனைவரும் வெள்ளையினப் பெண்கள். பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண்ணுக்குத் தன் நாட்டில் யாரும் பறக்கக் கற்றுக்கொடுக்க முன்வராததால் பிரான்சுக்குப் போய் 1921இல் உரிமம் பெற்றார். 1926இல் விமான விபத்தில் இறந்துவிட்டார், பந்தயத்தைப் பார்க்கவில்லை. போர்க்காலப் படையில் விண்ணப்பித்த மில்ட்ரெட் ஹெமன்ஸ் கார்ட்டர், தகுதி இருந்தும் கறுப்பினப் பெண் என்பதால் நிராகரிக்கப்பட்டார். சீன வம்சாவளியைச் சேர்ந்த ஹேசல் யிங் லீ அதே படையில் சேர்ந்து பறந்தார், 1944 நவம்பரில் நடந்த விமான மோதலில் உயிரிழந்தார்.

பந்தயத்தில் பறக்க முதலில் உரிமம் வேண்டும், உரிமத்துக்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பணமும் சேர்த்துக்கொள்ளும் ஓர் ஆசிரியரும் வேண்டும். அந்த முதல் படியிலேயே பலர் நிறுத்தப்பட்டார்கள். பந்தயம் நடத்தியவர்கள் ஹேண்டிகேப் வைத்து எஞ்சின்களுக்கு இடையே இருந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்தார்கள். பறக்கும் பள்ளி வாசலில் இருந்த ஏற்றத்தாழ்வு அவர்கள் விதிப்புத்தகத்துக்கு வெளியே இருந்தது. இப்போது கல்லூரிகளே விமானமும் பயிற்சியும் தந்து மாணவியரை அணியாக அனுப்புவதால், சொந்தப் பணத்தில் மட்டுமே நுழைய முடியும் என்ற நிலை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.